நம்ம ஊர் சமுதாயக் கூடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க, சமுதாயக் கூடம்னா கல்யாண மண்டபம் தானுங்களே?

பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, சீர், வளைகாப்பு என்று வந்தால் மட்டும்தான் நமக்கு அந்தக் கட்டிடத்தின் ஞாபகம் வருகிறது. தனியார் மண்டபம் ஒருத்தருடைய சொத்து, வாடகை கட்டுபடி ஆகிறவர்கள் எடுப்பார்கள். சமுதாயக் கூடம் ஊராட்சியின் சொத்து, அதாவது ஊரில் குடியிருக்கிற ஒவ்வொருத்தருடைய சொத்து. வருசத்தில் முப்பது நாள் விசேசம் நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், மீதி நாளெல்லாம் அது யாருக்காக நிற்கிறது என்பதுதான் நான் ஊர் ஊராகக் கேட்கிற கேள்வி. கீழே சொல்வதெல்லாம் ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர்ப் பக்கத்துக் கிராமங்களை மனசில் வைத்துச் சொல்வது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

இந்தக் கட்டிடமெல்லாம் வருவதற்கு முன்னால் ஊர் எங்கே கூடியது?

கோயில் வாசலில், வேப்பமரத்தையும் அரசமரத்தையும் சுற்றிக் கட்டின கல்திட்டில், அப்புறம் சாவடியில். சில ஊர்களில் தலைவாசல் என்பார்கள். மாரியம்மனுக்குப் பூச்சாட்டி நோன்பு எந்தக் கிழமை என்று பேசுவது, வாய்க்கால் தண்ணீர் முறை, மேய்ச்சலில் விழுந்த மாட்டுக்கு அபராதம், அண்ணன் தம்பி பாகப் பிரிவினை எல்லாம் அங்கேதான். சாவடி என்றால் மணியகாரரும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்து வரி வசூல் பண்ணுகிற இடமும்கூட. அந்தப் பரம்பரைக் கிராம அதிகாரி முறையை 1980ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்துவிட்டுச் சம்பளத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் போட்டது. அதோடு பல ஊர்ச் சாவடிகள் வௌவால் அடைகிற இடமாகப் போயின, சிலது இடிந்தே போயின.

பழைய திண்ணையை நினைத்து ஏங்குகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்த ஏக்கம் பாதிதான் உண்டு. அந்தத் திட்டில் உட்கார்ந்தவர்கள் யார், கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள், வந்தாலும் பிராது கொடுக்க வந்தவர்களாக ஓரமாக நிற்பார்கள். ஊர்க்கவுண்டர், கொத்துக்காரர் என்கிற ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில் உட்காரலாம் என்பது அரசாங்கப் பணத்தில் பொதுக் கட்டிடம் வந்த பிறகுதான் பேச்சளவிலாவது வந்தது.

அரசாங்கம் எப்போது இதற்குள் வந்தது?

1952 அக்டோபர் 2ஆம் தேதி நாடு முழுக்கச் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கினார்கள். ‘சமுதாய’ என்கிற சொல் நம் ஊர்க் கட்டிடங்களின் நெற்றியில் ஏறினது அந்தக் காலத்து வழக்கத்தில்தான். அப்புறம் சென்னை மாநிலப் பஞ்சாயத்துச் சட்டம் 1958ல் வந்தது, காமராஜர் காலத்தில் பஞ்சாயத்து யூனியன்கள் உருவாயின. ரோடு, பள்ளிக்கூடம், குடிதண்ணீர்க் கிணறு இவற்றோடு சேர்த்து ஊருக்கு ஒரு ரேடியோவும் வந்து சேர்ந்தது.

அதற்கும் முன்னால் இந்த மாதிரி முயற்சி நம் பக்கம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தைச் சொல்லலாம். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு, வைத்தியம் எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தது. டவுனில் என்றால் கோவை விக்டோரியா ஹால். ராணியின் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டின மன்றம், இன்றைக்கும் மாநகராட்சிக் கூட்டம் அங்கேதான் நடக்கிறது, பஸ்ஸில் ‘டவுன்ஹால் ஒண்ணு குடுங்க’ என்று டிக்கெட் வாங்குகிறோமே, அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான்.

பெரியவர்கள் ‘ரேடியோ ரூம்’ என்று சொல்கிறார்களே, அது என்ன?

பஞ்சாயத்து ரேடியோ வைத்திருந்த சின்ன அறை. உள்ளே ஒரு பெட்டி, வெளியே கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கர். ரேடியோ போடுவதற்கு ஒரு ஆளை வைத்திருப்பார்கள், பொழுதோட வந்து திறப்பார், செய்தி முடிந்து கொஞ்ச நேரத்தில் பூட்டுவார். திருச்சி வானொலி 1939லேயே வந்துவிட்டது, கோவை நிலையம் வரும்வரைக்கும் நம் பக்கமும் திருச்சியைத்தான் கேட்டது. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசித்தால் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பண்ணை நிகழ்ச்சிக்குத் தனிக் கூட்டம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை ரேடியோ மூலமாகவே பரப்பினதால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. நம் பக்கம் அந்த நேரத்துக்குப் பருத்தி, மஞ்சள், கடலை பற்றி என்ன சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் டிவி வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975ல் தொடங்கினாலும் நம் பக்கம் படம் ஒழுங்காகத் தெரிந்தது கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகுதான். பஞ்சாயத்து டிவி எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இடுப்பளவுக்குச் சிமெண்ட் மேடை, அதன்மேல் சுவரோடு சேர்த்துக் கட்டின ஒரு பெட்டி, அதற்கு இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு. சாவி வைத்திருக்கிறவர் வந்து கதவைத் திறக்கும்போது கீல் ஒரு சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கே பிள்ளைகள் தெருக்கோடியிலிருந்து ஓடிவருவார்கள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை படம். மண் தரையில் முன்னால் குழந்தைகள், பின்னால் பெண்கள், அவர்களுக்கும் பின்னால் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி அதன் கேரியரில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள். மழை தூறினால் ஆண்டெனாவைத் திருப்ப ஒருத்தன் மேலே ஏறுவான், கீழே இருந்து ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் போதும்’ என்று ஊரே கத்தும்.

அப்போது காலனிக்காரர்களும் அதே இடத்தில் உட்கார்ந்தா பார்த்தார்கள்?

பல ஊர்களில் இல்லை. காலனி என்றால் ஊருக்கு வெளியே தலித் மக்கள் குடியிருக்கிற பகுதி, அவர்கள் வெளியே ரோட்டோரமாக நின்று பார்த்தார்கள். அரசாங்கத்து டிவி, அரசாங்கத்துக் கரண்டு, ஆனாலும் உள்ளே வந்து உட்காரக்கூடாது என்று எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி வழக்கம் இருந்தது. இதைச் சொல்லாமல் டிவி ரூமைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

டிவி ரூம் ஏன் மூடிப்போனது?

வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. முதலில் விசைத்தறி, பனியன் கம்பெனிக் காசில் ஓரளவு வசதியானவர்கள் வாங்கினார்கள், அப்புறம் கேபிள் வந்தது, கடைசியாக 2006ல் கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும் பொது டிவிக்கு வேலையே இல்லை. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது நல்லதுதான், முக்கியமாக வெளியே நிற்க வைக்கப்பட்டவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஊர் தினமும் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்த பழக்கம் அதோடு போயிற்று, அதற்குப் பதிலாக வேறெதையும் நாம் அங்கே கொண்டுவரவில்லை. பல ஊர்களில் அந்தப் பெட்டியும் மேடையும் இன்னும் நிற்கின்றன, பெட்டிக்குள் புறா அடைகிறது.

படிப்பகம் வேறு, நூலகம் வேறா?

வேறுதான். படிப்பகம் என்பது பெரும்பாலும் கட்சியோ மன்றமோ சங்கமோ வைத்தது. ஒரு கூரை, ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்ச், தினசரிப் பத்திரிகை, வெளியே கொடிக்கம்பம். கோவையில் மில் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றி இவை நிறைய வந்தன, ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கே வந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பேச்சு அப்படியே கூலி, பஞ்சப்படி என்று போகும். சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நான்கு பேரும் 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட மில் தொழிலாளர்கள். கோவைப் பக்கம் சங்கக் கட்டிடங்களில் அந்த நான்கு பேரையும் இன்றைக்கும் மறக்காமல் நினைக்கிறார்கள்.

நூலகம் அரசாங்கத்துடையது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்குப் பின்னால் நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் பல வருச உழைப்பு இருந்தது, அப்போது கல்வி அமைச்சராக இருந்து கொண்டுவந்தவர் நம் கொங்கு நாட்டுக்காரர், கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கிய தி.சு.அவினாசிலிங்கம். உங்கள் வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. அதாவது உங்கள் ஊர் நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள், புத்தகம் எடுக்கப் போகாததுதான் பாக்கி.

2006க்குப் பிறகு அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று தமிழ்நாடு முழுக்கக் கட்டினார்கள். நம் பக்கம் சமுதாயக் கூடத்துக்கு ஒட்டியே பல இடங்களில் அது நிற்கிறது. கட்டிடம் நல்ல கட்டிடம். திறந்து வைக்க ஆள் இல்லாமல் பூட்டிக் கிடப்பதுதான் வருத்தம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இடமில்லாமல் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள், நூறடி தள்ளி மேசை நாற்காலியோடு ஒரு அறை பூட்டியிருக்கிறது.

ஊருக்குள் ஒரு கூடம், காலனிக்குள் ஒரு கூடம், ஏன் இரண்டு?

இதைத்தான் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பார்கள், உள்ளூர்க்காரர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

காரணம் ரொம்ப நேரானது. ஊர்க் கூடத்தில் அருந்ததியர் வீட்டுக் கல்யாணத்துக்கு இடம் கொடுக்காததால், காலனிக்கென்று தனியாகக் கேட்டு வாங்கவேண்டி வந்தது. ஆதிதிராவிடர் நலத்துறைப் பணத்திலும், சட்டமன்ற உறுப்பினர் நிதியிலும் கட்டினார்கள். காலனிக்குக் கூடம் வந்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை, அது அவர்கள் போராடி வாங்கினது, வீட்டுப் பக்கத்திலேயே விசேசம் வைக்க வசதியானது. ஆனால் அதைச் சாக்காக வைத்து ‘உங்களுக்குத்தான் தனியா இருக்கே, அப்புறம் எதுக்கு இங்க கேக்கறீங்க’ என்று சொல்கிற பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. காலனிக் கூடம் சின்னதாக இருக்கும், சமையல் கூடம் இருக்காது, தண்ணீர் டேங்க் உடைந்திருக்கும், ரிப்பேருக்குத் தீர்மானம் போடும்போது அது கடைசியில் வரும். இரண்டு கட்டிடத்தையும் ஒரே நாளில் போய்ப் பாருங்கள், யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாக அரசாங்கமே ஒன்று செய்து பார்த்தது. 1997ல் தொடங்கின பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடு, அதில் நாற்பது தாழ்த்தப்பட்டோருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இருபத்தைந்து இருபத்தைந்து, மற்றவர்களுக்குப் பத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரே சமுதாயக் கூடம். எல்லாச் சமத்துவபுரமும் நினைத்த மாதிரி ஆகவில்லை, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால் ஒரே கூடம் என்கிற அந்த விதி சரியான விதி, அதைப் பழைய ஊர்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

ஊர்க் கூடத்தைக் கேட்டு ‘தேதி இல்லை’ என்று சொல்லிவிட்டால்?

முதலில் எழுத்தில் கேளுங்கள். ஊராட்சிச் செயலரிடம் தேதி போட்டு மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள், எழுதிக் கேட்டால் எழுதித்தான் மறுக்க வேண்டும், அப்படி எழுதிக் கொடுக்க எவரும் துணியமாட்டார்கள். அதே தேதிக்கு வேறு யாருக்குப் பதிவாகியிருக்கிறது என்று பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது.

சாதியைக் காரணமாக வைத்து மறுத்தால் அது குற்றம். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்துவிட்டது. அரசுப் பணத்தில் நடக்கிற பொது இடத்துக்குள் விடாமல் தடுப்பதை 1955ஆம் வருசத்துக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தண்டிக்கிறது, 1989ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதால் வழக்குப் போடுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாள் அதே தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும், அதே கடையில்தான் கடன் சொல்ல வேண்டும். அதனால்தான் ஊர்க்காரர்களில் நாலு பேர் முதலில் ‘குடுங்க, நாங்க இருக்கோம்’ என்று சொல்ல வேண்டியது முக்கியம். ஒரு கல்யாணம் நடந்துவிட்டால் இரண்டாவதுக்கு அவ்வளவு பேச்சு வராது.

கூடம் கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

ஊராட்சியின் பொது நிதி, ஒன்றிய நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி (1993லிருந்து நடப்பது, இப்போது ஆளுக்கு வருசம் 5 கோடி), சட்டமன்ற உறுப்பினர் நிதி இதெல்லாம் வழக்கமான வழிகள். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் ஊரார் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். இந்தக் கடைசி வழி நம் பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிறவர்கள், ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறவர்கள், லாரித் தொழிலில் இருக்கிறவர்கள் என்று சொந்த ஊருக்குச் செய்ய மனசுள்ளவர்கள் நிறைய.

ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பணம் போட்டவர் பெயரைக் கல்வெட்டில் போடுவது சரி, அவர் கையில் சாவியைக் கொடுப்பது சரியில்லை. ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் அந்தக் கட்டிடம் ஏறியிருக்கிறதா என்று கட்டி முடித்த மாதமே பார்த்துவிடுங்கள். இடம் தானமாக வந்திருந்தால் பத்திரம் ஊராட்சி பெயருக்குப் பதிவாகியிருக்க வேண்டும். வாய்மொழியாகக் கொடுத்த இடத்தில் கட்டிவிட்டு, கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு பேரன் வந்து வேலி போட்டால் ஊர் என்ன செய்யும்?

வாடகை எவ்வளவு? யார் முடிவு பண்ணுவது?

ஊராட்சி மன்றத் தீர்மானம்தான் முடிவு பண்ணும். வாடகை, கரண்டு மீட்டர் கணக்கு, சுத்தம் பண்ணுகிறவர் கூலி, முன்பணம் நான்கையும் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினாலே பாதிச் சண்டை தீரும். பணம் வாங்கினால் ஊராட்சி ரசீது. ரசீது இல்லாமல் வாங்குகிற காசு ஊராட்சிக் கணக்குக்குப் போகாது, போகாத காசில் மின்விசிறி ரிப்பேர் ஆகாது.

வாடகையை ரொம்ப ஏற்றவும் கூடாது. மண்டபத்துக்கு லட்சக் கணக்கில் கொடுக்க முடியாத வீட்டுக்குத்தான் இந்தக் கூடம். பண்ணையத்துக் கூலி வேலைக்குப் போகிற வீட்டுக் கல்யாணம், கருமாதி விருந்து, வயசான அம்மாவுக்குக் கண் சிகிச்சை முகாம் இதற்கெல்லாம் அது எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

கறிச் சமையல் பண்ணலாமா?

பண்ணலாம், பெரும்பாலான ஊர்களில் தடை இல்லை. கிடாவிருந்து போடாத கொங்கு நாட்டு விசேசம் ஏது? பின்னால் சமையல் கொட்டகை இருந்தால் போதும்.

மைக் செட்?

ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரைக்கும் வெளியே கேட்கிற மாதிரி வைக்கக் கூடாது. இது நாடு முழுக்க உள்ள விதி.

கிராம சபை கூடத்தில்தான் நடக்கணுமா?

எல்லாரும் வந்து உட்காரக்கூடிய பொது இடமாக இருந்தால் சரி. கோயில் வளாகத்தில் வைத்தால் சிலர் வரமாட்டார்கள், தலைவர் வீட்டு முற்றத்தில் வைத்தால் இன்னும் சிலர் வரமாட்டார்கள். அதனால் கூடமோ பள்ளிக்கூட மைதானமோதான் முறை. முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள் இருந்தது. பிறகு மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளையும் சேர்த்து வருசத்துக்கு ஆறு ஆக்கினார்கள். ஆளுக்கு ஒரு டீ, பிஸ்கட், நோட்டில் கையெழுத்து என்று முடித்துவிடாமல், போன சபையில் போட்ட தீர்மானம் என்ன ஆச்சு என்று ஒருத்தர் எழுந்து கேட்டாலே கூட்டத்தின் தன்மை மாறிவிடும். கூடத்தின் சாவி, வாடகைக் கணக்கு, நூலகத்தைத் திறக்கிற ஆள் இவற்றைப் பற்றிக் கேட்கவும் அதுதான் சரியான இடம்.

பெண்களுக்கு இந்தக் கூடத்தால் என்ன பிரயோசனம்?

மகளிர் சுயஉதவிக் குழு வந்த பிறகு வாரம் தவறாமல் கூடத்தைப் பயன்படுத்துகிறவர்கள் என்றால் அவர்கள்தான். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின, நமக்கு ரொம்பப் பக்கம். முதலில் யாராவது ஒருத்தர் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். திண்ணை ஒரு சாதிக்காரர் வீட்டுத் திண்ணையாக இருந்தால் குழுவும் அந்தச் சாதிக் குழுவாகவே அமைந்துவிடும். கூடத்தில் கூடினால் குழுவில் கலப்பு வருகிறது, அதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ‘அக்கா, இந்த மாசம் எனக்குக் கொஞ்சம் முன்னால போட்டு விடுங்க, பையனுக்குப் பீஸ் கட்டணும்’ என்று கேட்பவரும், ‘சரி, எழுதிக்கறேன்’ என்று சொல்பவரும் இருபது வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் வீட்டு வாசலில் ஒருத்தர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அவர்களுக்குத் தேவையானது பெரிதாக ஒன்றுமில்லை. தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, தண்ணீர், வெளிச்சம். இந்த மூன்றும் இல்லாத கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டிப் பெயிண்ட் அடித்து ஆர்ச் வைப்பதில் ஒரு அர்த்தமும் இல்லை.

வள்ளி கும்மி எல்லாம் கூடத்தில்தான் பழகுகிறார்களா?

கூடத்து முன்வாசலில். உள்ளே காணாது, ஐம்பது நூறு பேர் வட்டம் கட்டி ஆட வேண்டுமே. பொழுதோட வேலை முடிந்து, சோறாக்கி வைத்துவிட்டு வருவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து பேரன் எடுத்த ஆத்தா வரைக்கும். ஆசிரியர் மைக்கில் பாடுவார், காலடி ஒரு சேர விழும், தப்பு விழுந்தால் பாட்டு நிற்கும், மறுபடியும் முதலிலிருந்து. இரண்டு மூன்று மாதம் பழகி நோன்பிலோ கும்பாபிஷேகத்திலோ அரங்கேற்றம். மேட்டுப்பாளையம் பக்கம் தாசம்பாளையத்துப் பத்திரப்பனுக்கு 2024ல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தக் கலைக்காகத்தான், ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

பூட்டிக் கிடந்த பல கூடங்களைக் கடந்த சில வருசங்களில் திறக்க வைத்தது இந்தக் கும்மிதான் என்றே சொல்வேன். லைட் வேண்டும் என்று பெண்களே போய் ஊராட்சியில் கேட்டு வாங்கினார்கள். அதே சமயம், சில இடங்களில் எந்தச் சாதிக்காரர் பழகலாம் என்கிற பேச்சும் கூடவே வருகிறது. பொது வாசலில், பொதுக் கரண்டில் பழகுகிறோம் என்றால் பழக வருகிற எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது.

வெள்ளம், நோய் என்று வந்தால் கூடம் உதவுமா?

மேட்டூரிலிருந்து தண்ணீர் அதிகமாகத் திறந்த 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் காவிரிக் கரையில் பவானி, கருங்கல்பாளையம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களைப் பள்ளிக்கூடம், மண்டபம், கூடம் என்று பார்த்துத்தான் தங்க வைத்தார்கள். 2020ல் கொரோனா வந்தபோது தனிமைப்படுத்தவும், பரிசோதனை முகாமுக்கும், பிறகு தடுப்பூசிக்கும் இதே மாதிரிக் கட்டிடங்கள்தான் கைகொடுத்தன. அந்த நாளில் கழிப்பறை ஓடவில்லை, மோட்டார் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பதில் பிரயோசனம் இல்லை. ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு தடவை தண்ணீர் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும்.

வடநாட்டுத் தொழிலாளர்களும் பயன்படுத்தலாமா?

ஏன் கூடாது? திருப்பூரைச் சுற்றி, பெருந்துறை, சூலூர்ப் பக்கமெல்லாம் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு குடியிருக்கின்றன. வீட்டு வாடகை நம் ஊருக்குத் தருகிறார்கள், நம் கடையில் வாங்குகிறார்கள், நம் தறியை ஓட்டுகிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கிற இடத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்? சாயங்காலம் இரண்டு மணி நேரம் கூடத்தைத் திறந்து விட்டால் நம் பிள்ளையும் அந்தப் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கும், தமிழும் தானாக வரும். இல்லம் தேடிக் கல்வி வந்தபோது பல ஊர்களில் தன்னார்வலர்கள் இப்படி நடத்தினார்கள், அந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர்க் கூடம் வருசக் கணக்காகப் பூட்டியே கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முன்னாள் தலைவர் வீட்டில் இருக்கும், ஒப்பந்தக்காரர் சிமெண்ட் மூட்டை அடுக்கி வைத்திருப்பார், யாரோ மக்காச்சோளம் கொட்டி வைத்திருப்பார்கள். ஊராட்சியில் எழுதிக் கொடுத்துச் சாவியை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருக்கிற ஊராக இருந்தால் ஒன்றிய அலுவலகத்தில் கொடுங்கள். தேர்தல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 2016லிருந்து 2019 வரைக்கும் தேர்தலே இல்லாமல் போனதைப் பார்த்தோம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் சேர்ந்து கூட்டுங்கள். பத்துப் பேரும் ஒரே தெருக்காரர்களாக இருக்க வேண்டாம், ஊருக்குள்ளிருந்து ஐந்து பேர், காலனியிலிருந்து ஐந்து பேர், அதில் பாதிப் பெண்கள் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முதல் நாள் விளக்குமாறு பிடித்தவர்களைப் பின்னால் யாரும் வெளியே நிற்க வைக்க முடியாது. மதியத்துக்கு அங்கேயே அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிச் சாப்பிடுங்கள், ஒரே பந்தியில். மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் திறக்க ஒருத்தரை ஏற்பாடு பண்ணுங்கள், மாதச் சம்பளம் வாடகை வருமானத்திலிருந்து, தீர்மானம் போட்டு. இரண்டு தினசரிப் பத்திரிகை, ஒரு கேரம் போர்டு, நல்ல வெளிச்சம். ஆரம்பத்தில் பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள், ஒரு மாதம் ரெண்டு மாதம் அப்படியே போகட்டும், பிள்ளையைக் கூப்பிட வருகிற அம்மாவும் அப்பாருவும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போக ஆரம்பிப்பார்கள்.

சாவி இரண்டாக இருக்கட்டும். ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், இன்னொன்று மகளிர் குழுவிடம்.